ஒப்பனைப் பெட்டி

எமது கல்லூரி நாடக மன்றத்துக்கென ஒரு தகரப் பெட்டி உண்டு. கிரீடமும் தாடியும் வாளும் வேறிடத்தில் இருக்க, முகத்திற் பூசும் பொருள்கள் மட்டுமே அதனுள் இருக்கும். இரசாயனம் கற்பிப்பவர் நிறக்கலவைகளையும் அறிந்திருப்பார் என்று எண்ணினார்களோ என்னவோ, பல ஆண்டுகளுக்கு முன்னர் அப்பெட்டியின் திறப்பை எம்மிடம் ஒப்படைத்து விட்டார்கள். அதனை நாம் ஒரு கௌரவமாகவே கருதி வந்தோம். பிள்ளைகள் வரிசையாக வந்து முகத்தை நிமிர்த்தி நிற்க, அரசனுக்கு ஒரு நிறம், முனிவனுக்கு ஒரு நிறம் என்று பூசிவிட்டு, பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம். பூட்டிய பெட்டிக்குள்ளே தூரிகைகள் என்ன நிலையிற் கிடக்கின்றன என்று நாம் சிந்தித்ததில்லை.

2018 ஆம் ஆண்டு வலய மட்டப் போட்டிக்கு 14 மாணவரை மேடையேற்றினோம். தூரிகைகள் இரண்டு. எமது நாடகம் முதலிடம் பெற்றது, எல்லோரும் மகிழ்ந்தோம். நான்காம் நாள் அரசனாக நடித்த மாணவனுக்கு வாயைச் சுற்றிக் கொப்புளங்கள் தோன்றின. அடுத்த நாள் அமைச்சனுக்கு. பின்னர் காவலர் இருவருக்கு. தொட்டாற் பரவும் தோற்கிருமி என்றார் வைத்தியர். தூரிகைதான் காரணம் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மாகாணப் போட்டிக்கு நாட்கள் குறைவாக இருந்தமையால் அரச வேடத்தை வேறொருவனுக்குக் கொடுக்க நேர்ந்தது. தான் அணியவேண்டிய கிரீடத்தை இன்னொருவன் அணிந்து நிற்பதை அப்பிள்ளை சபையின் முன்வரிசையில் இருந்து பார்த்தான்.

அவனுடைய தாயார் கல்லூரிக்கு வந்திருந்தார். கோபமாக ஏதும் பேசவில்லை. "சேர், எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே பிரஷாலையோ பூசினனீங்கள்?" என்று மாத்திரம் கேட்டார். ஓம் என்பதைத் தவிர எம்மிடம் வேறு மறுமொழி இருக்கவில்லை. கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு எமது ஆச்சியின் நினைவு வந்தது. செம்பிலே வாய்வைத்து நீர் குடித்தால் அவர் எம்மைச் சும்மா விடமாட்டார். அண்ணாந்து குடிக்கப் பழகிய பின்னரே செம்பைக் கையிலே தருவார். நீர்ச்செம்புக்கு அவ்வளவு விதிகளை வகுத்துக்கொண்ட நாம், 14 முகங்களை ஒரே மயிர்க்கற்றையாலே தடவினோம். அரிதாரம் என்பது ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கனிப்பொருள், அதை முகத்திற் பூசிய பழைய கூத்தர்கள் நஞ்சையே பூசினார்கள் என்று வகுப்பிலே ஆண்டுதோறும் சொல்லிச் சிரிப்பவர் நாம். அந்தச் சிரிப்பும் அன்று நினைவுக்கு வந்தது.

எமது தங்கையின் மகள் மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாகச் செய்பவள். பெட்டியை அவளிடம் கொண்டு சென்றோம். திறந்தவுடனே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, இதுகளை எப்பவாவது கழுவினனீங்களோ?"

"துணியாலே துடைத்துத்தான் வைப்போம்" என்றோம். அவள் ஒரு தூரிகையை எடுத்து அடியிலே இரு விரல்களாற் பிதுக்கினாள். முதலிலே மண்ணிறம் வந்தது, பின்னர் சிவப்பு, ஈற்றில் நீலம். நாம் கண்ணன் வேடத்துக்கு நீலம் பூசி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

மேடைப் பூச்சு எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. அது வெறும் நீருக்குக் கரையாது. ஆகவே முதலிலே தேங்காயெண்ணெயில் மயிரை நனைத்து, பழந்துணியில் அழுத்தி அழுத்தி நிறத்தை எடுக்கச் செய்தாள். அதன்பின் கழுவுவதற்கு நாம் கிணற்று நீரையும் சவர்க்காரக் கட்டியையும் கொண்டு வந்தோம். தேய்க்கத் தேய்க்க நுரை வரவில்லை. மயிரிலே வெண்மையான பிசுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. குடாநாட்டின் அடியிலே சுண்ணாம்புக்கல்; அதிலே ஊறி வரும் நீர் வன்னீர்; அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசடாகப் படியும். கரும்பலகையிலே சமன்பாட்டுடன் நாம் எழுதிக் காட்டும் பாடம் இது! குழந்தைகளுக்கான ஷாம்பு அவ்வாறு படிவதில்லை. அதிலே ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு, வெதுவெதுப்பான நீரில் தூரிகையை மெல்லச் சுழற்றினாள். நீர் தெளியும்வரை ஏழெட்டுத் தடவை அலசவேண்டியிருந்தது.

அலசும்போது மயிர்நுனி எப்பொழுதும் கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும். உலக்கைக்கு இருப்பது போலத் தூரிகைக்கும் ஓர் உலோகப் பூண் உண்டு. அதனுள்ளேதான் மயிரைப் பிடித்து வைத்திருக்கும் பசை இருக்கிறது. நீர் அங்கே புகுந்தால் பசை இளகும், மரப்பிடி ஊதும், மயிர் உதிரும். நாமோ ஈரத் தூரிகைகளைப் பென்சில்களைப் போலக் குவளையிலே நிமிர்த்தி வைப்பது வழக்கம். அரசனின் கன்னத்திலே மயிர் ஒட்டிக்கொள்ளும் போதெல்லாம் மலிவுச் சாமான் என்று கடைக்காரரை ஏசினோம். கழுவியதை விரல்களாற் பிழிந்து, உருவத்தைச் சரிசெய்து, மேசை விளிம்பிலே தலை வெளியே நீட்டியிருக்கக் கிடையாக வைத்து, நிழலிற் காயவிடுவதே முறையாம்.

இவை ஒருவருக்கே உரிய தூரிகைக்கான விதிகள். அதனை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவவேண்டும் என்று அமெரிக்கத் தோல்வைத்தியர் சங்கத்தினர் கூறுகின்றனர். பலருக்குப் பொதுவான தூரிகையானால், ஒரு முகம் முடிந்து மறுமுகத்துக்குப் போகுமுன் தூய்மை செய்தல் வேண்டும். கழுவிய தூரிகையை 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்துக் காயவிடலாம். தூய அற்ககோல் இதனிலும் மேலானதன்றோ என்று மாணவர் கேட்பர். அன்று, பற்றீரியாவின் புரதங்களைச் சிதைப்பதற்குச் சிறிது நீரும் வேண்டும், தூய அற்ககோல் விரைவில் ஆவியாகியும் விடும். அழுக்கை அகற்றாமல் அற்ககோலை ஊற்றுவதாற் பயன் குறைவு. பூச்சையும் புட்டியினின்று நேரே தொட்டெடுத்தல் ஆகாது. வேண்டிய அளவைச் சுத்தமான கரண்டியால் ஒரு பீங்கான் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

பின்னர் புதிய தூரிகைகள் வாங்கக் கடைக்குச் சென்றோம். விலை கூடியதே நல்லதென்று கையை நீட்டிய எம்மை மருமகள் தடுத்தாள். பவுண்டேசன் என்று பிள்ளைகள் சொல்லும் அடிப்பூச்சு நீர்மமாகவோ களியாகவோ இருப்பின், நைலோன் போன்ற செயற்கை இழைத் தூரிகையே தக்கது. அது பூச்சை உறிஞ்சாது, கழுவுவதும் எளிது. ஆட்டுமயிர், அணில்மயிர் ஆகியவற்றின் மேற்பரப்பிலே நுண்ணிய செதில்கள் இருப்பதால் அவை தூளை நன்கு ஏந்தும். பவுடருக்கே அவை உரியன. தட்டையான தூரிகை கோடுகளை விட்டுச் செல்லும். தலை மட்டமாகவும் மயிர் அடர்த்தியாகவும் உள்ளதைச் சிறு வட்டங்களாகச் சுழற்றினால் பூச்சு தோலோடு கலக்கும். கழுத்திலும் காதருகிலும் ஈரக் கடற்பஞ்சுத் துண்டே போதும்; அது மலிவு, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம்.

தூரிகையை இவ்வளவு மதிப்பார் உண்டோ என்று எமக்கும் தோன்றியது. யப்பானில் ஹிரோஷிமாவுக்கு அண்மையில் குமனோ என்றோர் ஊர் இருக்கின்றது. அந்நாட்டுத் தூரிகைகளிற் பெரும்பகுதி அங்கேயே செய்யப்படுகின்றது. ஒப்பனைத் தூரிகையின் மயிர்நுனியை அவர்கள் வெட்டுவதில்லையாம். இயற்கையான கூர்நுனி கெடாதவாறு அடுக்கியே உருவத்தைக் கொண்டுவருவார்கள். 2011 இல் மகளிர் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்ற தமது அணியினருக்கு யப்பானிய அரசு விருது வழங்கியபோது, பரிசாக அளித்தது குமனோவின் ஒப்பனைத் தூரிகைகளையே. எமது மன்றத்தின் பணத்துக்கு அவை எட்டா. செயற்கை இழையில் ஆறும் பஞ்சுத்துண்டுகள் இருபதும் வாங்கிவந்தோம்.

மறு ஆண்டு நாடகத்துக்கு அதே மாணவன் பெயர் கொடுத்தான். ஒத்திகை முடிந்து முகம்பூசும் நாள் வந்தது. புதிய தூரிகைகள் தட்டிலே வரிசையாக இருக்க, அவன் முறை வந்தபோது காற்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையிற் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அம்மா தந்துவிட்டவ, சேர்."

அவிழ்த்துப் பார்த்தோம். தலை மட்டமான செயற்கை இழைத் தூரிகை; கழுவி நன்கு காயவிடப்பட்டிருந்தது. அதனாலேயே அவனுக்குப் பூசினோம்.