லண்டோர் மலையில் எங்கள் அரிச்சுவடி

டேராடூன் நகரிலிருந்து முசூரிக்கு ஏறும் மலைப்பாதை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. அடிவாரத்தில் சால் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன; மேலே செல்லச் செல்ல அவை மறைந்து ஓக் மரங்களும் தேவதாருக்களும் தலைகாட்டுகின்றன. முசூரியின் நெரிசலைக் கடந்து இன்னும் மேலேறினால் லண்டோர் என்னும் சிற்றூர். நோயுற்ற படைவீரர்கள் உடல்தேறும் பொருட்டு ஆங்கிலேயர் 1827 ஆம் ஆண்டில் அங்கே ஓர் இல்லம் அமைத்தனர். அதைச் சுற்றி வளர்ந்ததே இவ்வூர். வானம் தெளிந்த காலைகளில் வடக்கே பனிச்சிகரங்கள் வரிசையாய்த் தெரிகின்றன. பங்குனியில் 'புராம்ஸ்' என்னும் மரங்கள் செக்கச் சிவந்த மலர்க்கொத்துகளைச் சுமந்து நிற்கின்றன.

இத்தனை அழகும் எங்கள் கண்ணில் படுவதற்குச் சில நாட்கள் ஆயின. கணவனும் மனைவியுமாக நாங்கள் அங்கே சென்றது சுற்றுலாவுக்காக அன்று, துக்கம் விசாரிப்பதற்காக. எங்கள் மூத்த மகன் டேராடூனில் பணிபுரிகிறான். மணம் புரிந்ததும் அப்பகுதிப் பெண்ணையே. மருமகளின் தந்தையார் மார்கழியில் காலமானார். உடல்நலக் குறைவால் எங்களால் உடனே புறப்பட இயலவில்லை. பங்குனி பிறந்த பின்னரே ரயிலேறினோம். சம்பந்தியம்மாள் லண்டோர்க் கடைவீதியை ஒட்டிய பழைய வீட்டில் வாழ்கிறார். அவருக்கு இந்தியும் மலைநாட்டுக் கட்வாலியும் மட்டுமே தெரியும். எங்களுக்கோ இவ்விரண்டும் தெரியா.

ஆறுதல் சொல்ல ஒரு வாக்கியமாவது வேண்டுமே என்று, தமிழ் வழியாக இந்தி கற்பிக்கும் நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மனனம் செய்தோம். 'ஹம் ஆப்கே ஸாத் ஹைம்' என்பது அவ்வாக்கியம். 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்று பொருள். வாசற்படியில் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டு அதைச் சொன்னோம். அழுது வீங்கிய கண்களோடு அவர் எங்களை ஏறிட்டு நோக்கினார். முகத்தில் ஒரு குழப்பம். ஐந்து வயதுப் பேரனோ கலகலவென்று சிரித்துவிட்டான். "ஏழு பேரா? இரண்டு பேர்தானே வந்திருக்கிறார்கள்!" என்று அவன் கேட்டதை மருமகள் பிறகு தயங்கித் தயங்கி எங்களுக்கு விளக்கினாள். 'உடன்' என்று சொல்வதாக எண்ணி, 'ஏழு' என்று சொல்லியிருக்கிறோம்!

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, ஓர் ஆறுதல் சொல்லைக்கூடப் பிழையில்லாமல் சொல்ல முடியவில்லையே என்ற நாணம் வாட்டியது. மறுநாளே அண்டை வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், மகனின் துணையோடு, மாணவர்களாய்ச் சேர்ந்தோம்.

நான்கு வீட்டுக்கு ஒரு வாசல்

நம் எழுத்து முறையில் 'ஸாத்' என்று ஒரே விதமாக எழுதப்படும் இரு சொற்களும் இந்தியில் வேறு வேறு எழுத்தில் முடிகின்றன. காரணம் எளிது. தமிழில் மெய்யெழுத்துகள் 18. இந்தி நெடுங்கணக்கில் 33. நம் க, ச, ட, த, ப ஆகிய ஐந்து வல்லினங்கள் நின்று பணிபுரியும் இடத்தில் அங்கே இருபது எழுத்துகள் நிற்கின்றன. நான்கு வீட்டுக்கு நாம் ஒரே வாசல் வைத்திருக்கிறோம்!

வடமொழித் தோத்திரங்களைத் தமிழில் அச்சிடுவோர் க, க², க³, க⁴ என்று சிற்றிலக்கம் இட்டு இவற்றை வேறுபடுத்துவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். முதலாவது, மூச்சும் முழக்கமும் இல்லாத வெற்றொலி. இரண்டாவது, அதனோடு மூச்சு சேர்ந்தது. மூன்றாவது, தொண்டை அதிரும் ஒலி. நான்காவது, அதிர்வும் மூச்சும் ஒன்றாய்க் கலந்தது.

இந்நான்கில் முதலாவதும் மூன்றாவதும் நமக்கு அயலானவை அல்ல. 'கல்' என்னும்போது முதல் ஒலி. 'தங்கம்' என்னும்போது மூன்றாம் ஒலி. 'பஞ்சு, வண்டி, பந்து, கம்பம்' என்னும் சொற்களிலும் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தொண்டை அதிர ஒலிப்பதைச் சொல்லிப் பார்த்தே உணரலாம். ஆனால் தமிழில் இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆகவே தனி எழுத்துத் தேவைப்படவில்லை. இந்தியிலோ எந்த இடத்திலும் எந்த ஒலியும் வரும். ஒலி மாறினால் பொருளும் மாறும். 'கானா' என்றால் ஒற்றைக்கண்ணன். 'கா²னா' என்றால் உணவு. 'கா³னா' என்றால் பாட்டு. 'பா³த்' பேச்சு, 'பா⁴த்' சோறு. நாம் தாலி என்று ஒலிப்பது அவர்களுக்குக் கைதட்டல். மூச்சோடு சொன்ன 'தா²லீ' உணவுத் தட்டு.

ஒலிகள் பிறக்கும் இடங்களின் வரிசை மட்டும் எங்களுக்குப் பெரும் ஆறுதலாய் இருந்தது. தொண்டைப் பக்கத்திலிருந்து உதடு வரையில் க, ச, ட, த, ப என்று வரும் அதே வரிசைதான் அங்கேயும். எழுத்துகளின் பிறப்பைத் தொல்காப்பியரும் உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்கியே விளக்குகிறார். ட, த இரண்டும் நம் நாவுக்குப் பிறப்புரிமை. ஐரோப்பியர் இவ்விரண்டையும் பிரித்தறியத் திண்டாடுவர் என்று ஆசிரியர் சொன்னபோது எங்களுக்குச் சிறிது பெருமிதமும் உண்டாயிற்று.

தாளும் தொண்டையும்

ஆசிரியரின் பயிற்சிக் கருவிகள் இரண்டே: ஒரு மெல்லிய தாள், எங்கள் விரல்கள். தாளை உதட்டுக்கு முன்னே தொங்கவிட்டு, 'ப' என்றால் அது அசையக்கூடாது. 'ப²' என்றால் துள்ள வேண்டும். விரலைத் தொண்டையில் வைத்து, 'ப' என்றால் அதிர்வு கூடாது. 'ப³' என்றால் வண்டு ரீங்கரிப்பதுபோல் உணர வேண்டும். அதிர்வு வராதபோது ஓர் உபாயம் கண்டோம். 'கம்பம்' என்று சொல்லி, 'கம்' என்பதை மெல்ல விழுங்கிவிட்டால் எஞ்சுவது 'ப³ம்'. 'தங்கம்' 'க³' தந்தது. 'பந்து' 'த³' தந்தது. தமிழ்ச் சொற்களே எங்களுக்கு ஏணி ஆயின.

மூச்சொலிதான் எளிதில் வசப்படவில்லை. 'க' என்று சொல்லி, 'ஹ' என்று வேறாகச் சொன்னால் அது இரண்டு எழுத்தாகிவிடும். இரண்டும் ஒரே மூச்சில் பிறக்க வேண்டும். 'ப²' என்பதை ஆங்கிலத்தின் 'ஃப' போல் பல்லும் உதடும் உரசச் சொல்வதும் பிழை. நான்காம் ஒலியோ இன்னும் அரிது. தாளும் மெல்ல அசைய வேண்டும், தொண்டையும் அதிர வேண்டும். 'க⁴ர்' என்றால் வீடு. அந்த வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

நம் சகரமும் எங்களைக் காட்டிக்கொடுத்தது. கடைவீதியில் இரைச்சல் மிகுதி என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'ஷோர்' என்பதைச் 'சோர்' என்று சொல்லிவிட்டோம். 'இங்கே திருடர்கள் மிகுதி' என்று பொருளாகிவிட்டது! கடைக்காரர் நல்லவர்; சிரித்துக்கொண்டே தேநீர் தந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலான பிழை மூன்றாம் நாள் உணவு வேளையில் நேர்ந்தது. சம்பந்தியம்மாள் தாமே சமைத்துப் பரிமாறினார். உணவு மிக நன்று என்று புகழ விரும்பி, நாங்கள் இருவரும் ஒரே குரலில், "கானா பஹுத் அச்சா²!" என்றோம். 'ஒற்றைக்கண்ணன் மிக நல்லவன்' என்று பாராட்டியிருக்கிறோம். கரண்டியைப் பிடித்தபடியே அவர் சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவர் மறைந்த பின் தன் தாய் சிரித்து அன்றுதான் கண்டதாக மருமகள் சொன்னாள். எங்கள் பிழைக்காக முதன்முறையாக நாங்கள் நாணவில்லை.

மலைமேல் ஒரு நினைவாலயம்

ஒரு மாலையில் ஆசிரியர் எங்களை மேலே ஒரு கற்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். 1903 இல் எழுந்த கெல்லாக் நினைவாலயம் அது. சாமுவேல் கெல்லாக் அமெரிக்காவிலிருந்து வந்த மறைப்பணியாளர். வட்டார வழக்குகள் பலவற்றையும் ஒப்புநோக்கி அவர் 1870களில் வெளியிட்ட இந்தி இலக்கணம் இன்றும் மதிக்கப்படுகிறது. பழைய ஏற்பாட்டை இந்தியில் தரும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 1899 இல், இதே லண்டோர் மலையில் மிதிவண்டியிலிருந்து விழுந்து உயிர்துறந்தார். அயல்நாட்டார்க்கு இந்தி கற்பிக்கும் பள்ளி பல்லாண்டுகளாக இவ்வாலயத்தில் இயங்கி வந்திருக்கிறது. தாளை உதட்டின்முன் பிடித்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர்!

அங்கே அமர்ந்திருந்தபோது வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டோம். இத்தாலி நாட்டவரான அவரும் நம் ழகரத்தின்முன் ஒரு குழந்தையைப்போல் தடுமாறித்தானே இருப்பார்? இந்தி என்றவுடன் நம் மாநிலத்தார் நெஞ்சில் 1965 ஆம் ஆண்டின் நினைவுகள் எழுவது இயல்பு. ஒரு மொழியை ஒருவர்மேல் சுமத்துவது வேறு. ஓர் உள்ளத்தை நாடி அதன் மொழியைத் தேடிச் செல்வது வேறு. முன்னது சுமை, பின்னது உறவு.

ஏழும் உடனும்

நாட்கள் செல்லச் செல்லச் சம்பந்தியம்மாளே எங்கள் வகுப்பில் வந்து அமரலானார். ஆசிரியர் தவறவிட்ட பிழைகளைப் பேரனும் அவருமாகப் பிடித்தார்கள். திருத்தும் சாக்கில் அவர் பேசத் தொடங்கினார். கணவரைப் பற்றியும் பேசினார். அவர் நட்ட ஆப்பிள் கன்றைக் காட்டினார். பாதிதான் எங்களுக்கு விளங்கியது. ஆயினும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. அவர் அடிக்கடி சொன்ன 'து³க்²' என்பது நம் 'துக்கம்'தான். அவர் எங்களை விளித்த 'ஸம்தி⁴' என்பதும் நம் 'சம்பந்தி'யும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழுக்கு வந்தபோது அச்சொற்கள் தங்கள் மூச்சை வழியில் விட்டுவந்தன, பொருளை விடவில்லை.

சித்திரைத் தொடக்கத்தில் விடைபெறும் நாள் வந்தது. அதே வாசற்படி. அவருடைய கைகளைப் பற்றி, "ஹம் ஆப்கே ஸாத்² ஹைம்" என்றோம். சொல்லின் இறுதியில் வரும் மூச்சு மிக மெல்லியது. அந்நாட்டவரே விரைந்து பேசும்போது அதை விட்டுவிடுவதுண்டு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் மூச்சு வந்ததோ இல்லையோ, தாள் பிடித்துப் பார்க்க அங்கே எவரும் இல்லை. பேரன் மட்டும் தலையசைத்துத் தேர்ச்சி வழங்கினான்.

சம்பந்தியம்மாள் எங்கள் கைகளை விடாமல் மெல்லச் சொன்னார். மகன் தமிழாக்கித் தந்தான்: "முதல் நாள் நீங்கள் ஏழு என்று சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து கற்றீர்களே, அதனால்தான் நம்பினேன்."

மலைப்பாதையில் வண்டி இறங்கத் தொடங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தோம். வாசலில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பேரன் இரு கைகளிலும் ஏழு விரல்களை விரித்து எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.