மூக்கடைத்த அம்பாசடர்

அம்பாசடர் என்றதும் நமக்குச் சிவப்பு விளக்கு வைத்த வெள்ளை வண்டிதான் கண்ணில் வரும். கொல்கத்தாவில் அது மஞ்சள். அந்த மஞ்சள் டாக்ஸிகள் தீர்ந்துகொண்டிருப்பதாகச் செய்தி படித்துவிட்டு, லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் நண்பரிடம் இவற்றை யார் இன்னும் பழுது பார்க்கிறார்கள் என்று விசாரித்தேன். "நம்ம டாக்ஸிக்காரர் நாளைக்கு மல்லிக் பஜார் போறார். பின் ஆக்சில்ல எண்ணெய் ஒழுகுதாம். கூடப் போயிட்டு வாங்களேன்" என்றார்.

ஓட்டுநர் பீகார்க்காரர். வண்டிக் கதவில் 'நோ ரிஃப்யூசல்' என்று எழுதியிருந்தது. கைப் பிரேக்குக்கு அது பொருந்தவில்லை. மேம்பால ஏற்றத்தில் நின்றபோது வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. அவர் காலாலேயே பிடித்துக்கொண்டார். ஆக்சிலின் ஆயில் சீல் போனால் கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி ஷூவை நனைத்துவிடும். அப்புறம் எதை இழுத்து என்ன?

மல்லிக் பஜாரில் பட்டறை என்று தனியாக ஒன்றுமில்லை. ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு நடைபாதை, ஒரு தகரப் பெட்டி, ஒரு பையன். மிஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் 'சாச்சா'. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றிய பிறகு அவர் சக்கரத்தைத் தொடவே இல்லை. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கிறது. அதில் சேறு காய்ந்து அடைத்திருந்தது.

"இது வண்டியோட மூக்கு, பாபு. ஓட ஓட உள்ளே சூடாகும். காத்து வெளியே போக வழியில்லேன்னா எண்ணெயைத்தான் தள்ளும். மூக்கைப் பார்க்காம சீல் மாத்தினா அடுத்த மாசம் திரும்ப வரணும்" என்றார் ஹிந்தியில்.

டிரம் கழன்றதும் கியர் ஆயிலின் கந்தக நெடி மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஷாஃப்ட் வெளியே கிடந்தது. அதன் உள்முனைப் பற்களைச் சாச்சா காட்டினார். நேர்க்கோடாக ஓட வேண்டிய பள்ளங்கள் முறுக்குப் பிழிந்ததுபோல் லேசாகத் திரும்பியிருந்தன. வருடக்கணக்கில் பாரத்தோடு கிளம்பிக் கிளம்பி இரும்பே முறுக்கிக்கொண்டுவிட்டது. சீல் மட்டும் போதாது, ஷாஃப்டும் மாற்ற வேண்டும்.

அம்பாசடரைத் தயாரித்த, ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் மாநகரில் ஓடக்கூடாது என்று 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. கணக்குப் போட்டால், ஆலையிலிருந்து கடைசியாக வந்த டாக்ஸிக்கும் 2029 வாக்கில் ஆயுள் முடியும். ஒவ்வொரு மாதமும் வயது முடிந்த வண்டிகள் உடைப்புக்குப் போகின்றன. அதனால் ஷாஃப்டுக்குப் பஞ்சமே இல்லை. மாட்டத்தான் வண்டி குறைகிறது.

பொருள் இப்படி மலிந்து கிடந்தும் ஓட்டுநருக்கு அது மலிவாகக் கிடைக்கவில்லை. உடைப்புக்காரர் முழு வண்டியை எடைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, அவசரக்காரன் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். 'ஒரிஜினல்' என்று கடையில் கொடுக்கும் சீல் ஒரிஜினலா என்று கேட்க முடியாது. அது ஒழுகினால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்; சாச்சா கூலியில்லாமல் மறுபடி பிரிக்க வேண்டும். வண்டி முதலாளி பில்லைக் குறைப்பார், ஓட்டுநர் அன்றைய ஓட்டத்தை இழப்பார். கையில் கறை படியாதவருக்கு மட்டும் இதில் நட்டமே கிடையாது. பிரசங்கம் நீள்கிறது என்று எனக்கே தெரிகிறது, ஆனால் அந்த வெயிலில் நின்று பார்த்தவனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

சீலை ஏற்றும் நேரத்தில் சாச்சா பெட்டியிலிருந்து ஒரு இரும்பு வளையம் எடுத்தார். பழைய பேரிங்கின் வெளி ஓடு. விளிம்பெல்லாம் சுத்தியல் அடி வாங்கிப் பூத்திருந்தது. பதினோரு வயதில் ஊரைவிட்டு வந்து சேர்ந்தவருக்கு தொழில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் தந்தது. நேரடியாகச் சீல் மேல் அடித்தால் ஓரம் கோணிவிடும். வளையத்தை வைத்துத் தட்டினால் அடி சுற்றிலும் சமமாக இறங்கும். ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். அதைத் திருப்பிப் போட்டதற்கு முதல் மாதமே உஸ்தாத்திடம் அறை வாங்கியிருக்கிறார். சீலின் உதடு உரசும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடினார். நகம் எங்கும் தட்டவில்லை. உதட்டில் எண்ணெய் தடவி, வளையத்தை வைத்து நாலு தட்டு. சத்தம் மாறியதும் நிறுத்திவிட்டார்.

"இந்த வளையத்தை யாருக்குக் கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

பையனைப் பார்த்தார். "அவன் ஏசி மெக்கானிக் ஆகணுமாம்."

ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்' (1958) படத்தில் தன் ஓட்டை டாக்ஸியோடு பேசிக்கொண்டே இருக்கும் டிரைவரை நினைத்துக்கொண்டேன். சாச்சா அம்பாசடரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. புது பிரேக் ஷூ மாட்டி, டிரம்மைப் பூட்டி, கியர் ஆயில் ஊற்றி முடித்ததும் ஓட்டுநரிடம் கேட்டார்:

"உன் பர்மிட் எப்போ முடியுது?"

"2027."

"அதுவரை வரும்."

அதற்குள் பையன் முறுக்கிய ஷாஃப்டைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் நகர்த்தியிருந்தான். ஓட்டுநர் பார்த்துவிட்டார். பழைய இரும்புக்கடையில் கிலோவுக்குக் காசு உண்டே! இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாச்சா வளையத்தைத் துணியில் துடைத்து உள்ளே வைத்தார்.