எண்ணுவது யார்?

திருமலையில் உண்டியல் காணிக்கை எண்ணப்படும் இடத்திற்குப் பரகாமணி என்று பெயர். அங்கே தேவஸ்தான ஊழியர்களோடு, வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றும் அடியார்களும் சேவையாக வந்து அமர்ந்து எண்ணுவதுண்டு. பொதுப்பொருளை எண்ணும் பணியில் பலருக்கும் இடமுண்டு என்பது அவ்வூர் நன்கறிந்த வழக்கம். அம்மலையின் அடிவாரத்தில் நாள்தோறும் நிகழும் மற்றோர் எண்ணிக்கையைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே.

1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐஐடி, ஐசர், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் எனத் திருப்பதி ஒரு கல்வி நகரம். 2022 ஏப்ரலில் அது தனி மாவட்டமான பின்னும், குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது. இந்நிறுவனங்களின் வாசகர் ஒருவர் மின்னிதழ்க் கட்டுரை ஒன்றைத் திறக்கும்போது, அச்செயல் பதிவாவது நூலகத்தில் அன்று. பதிப்பகத்தின் வழங்கிக் கணினியில். அச்சு நூல்களின் காலத்தில் வழங்கல் பதிவேடு நூலகரின் கையில் இருந்தது. இன்றோ விற்பவரே கணக்கும் எழுதுகிறார்; வாங்குபவர் அக்கணக்கை நம்பிச் சந்தாவைப் புதுப்பிக்கிறார்.

இந்நிலையில் இரு தரப்பும் ஏற்கும் பொதுவிதி தேவைப்பட்டது. 2002இல் தொடங்கப்பட்ட ‘கவுன்டர்’ என்னும் பன்னாட்டு அமைப்பு அதற்காகவே உருவானது; அதன் முதல் நடைமுறை விதித்தொகுப்பு 2003இல் வெளிவந்தது. ஒரே வாசகர் ஒரே கட்டுரையை 30 நொடிகளுக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே கொள்ள வேண்டும்; தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளைக் கணக்கில் சேர்க்கலாகாது; பதிப்பகத்தின் அறிக்கையைத் தற்சார்புள்ள தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். ஐந்தாம் பதிப்பு 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் திருத்தமான 5.1, 2023 மே மாதம் வெளியிடப்பட்டு 2025 சனவரியில் நடைமுறையானது. நூலகர், பதிப்பாளர், மென்பொருள் வழங்குநர் ஆகியோர் கூடி அமர்ந்தே இவ்விதிகளை வகுக்கின்றனர். திருத்தத்திற்கு முன் பயன்பாட்டாளரின் கருத்தும் கேட்கப்படுகிறது.

இது வெறும் தொழில்நுட்பச் சடங்கு அன்று. பன்னிரண்டு இயல்கள் கொண்ட நூலை ஒரு பதிப்பகம் ஒரே கோப்பாகத் தருகிறது. மற்றொன்று இயல் இயலாகத் தருகிறது. முழு நூலையும் படிக்கும் மாணவி முன்னதில் ஒருமுறையும் பின்னதில் பன்னிரண்டு முறையும் பதிவாவார். அவ்வெண்களைக் கொண்டு ஒரு பயன்பாட்டிற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால், பின்னதே மலிவானது என்ற பொய்த்தோற்றம் எழும். ஐந்தாம் பதிப்பில் நூல் தலைப்பை ஒருமுறை மட்டும் எண்ணும் தனி அளவை இடம்பெற்றது இதனாற்றான். இத்தகைய பிழையை முதலில் உணரக்கூடியவர், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தாவை முடிவு செய்யும் நூலகரே.

இந்தியாவில் இவ்வினா இப்போது பெரிதாகியுள்ளது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதனை ஒருங்கிணைக்கிறது. மூன்றாண்டு முடிவில் எவ்விதழ் தொடர வேண்டும் என்ற வினா எழும்போது, பயன்பாட்டு எண்களே முதற்சான்றாக முன்வைக்கப்படும்.

அவ்வெண்களில் யார் விடுபடுகிறார்கள்? விடுதியறையில் கைப்பேசியில், நிறுவனக் கணக்கின்வழி நுழையாமல் திறந்த அணுக்கக் கட்டுரையைப் படிக்கும் மாணவரின் வாசிப்பு, அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயரில் சேராது. ஒரு சாத்திர நூல் பற்றிய கட்டுரையைத் தரவிறக்கி ஒரு மாதம் ஊன்றிப் படிக்கும் சமஸ்கிருத ஆய்வாளர், பதிவேட்டில் ஒற்றை எண்ணாகவே நிற்பார். உரிமம் இல்லாமையால் மறுக்கப்பட்ட முயற்சிகளும் இவ்விதிகளின்படி எண்ணப்படுகின்றன. வாசகர் எதை வேண்டினார் என்பதற்கு அவை அரிய சான்று. ஆயினும் பதிப்பகத்தின் பட்டியலில் இல்லாத ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தட்டப்பட்ட கதவு, எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை. அத்தேவை இல்லாததாகவே தோன்றும்.

இக்குறைகளை உலகப் பெருநூலகங்கள் தாமாக உணர்ந்து திருத்தும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பெரிய நூலகங்களின் வாசகர் வேறு, அவர்தம் இடர்ப்பாடுகளும் வேறு. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நூலகர்கள் மாத அறிக்கையைக் கோப்பில் சேர்ப்பதோடு நில்லாமல் படித்து ஒப்பிட வேண்டும். நூலக அறிவியல் துறைகள் அறிக்கை வாசிப்பைப் பயிற்சிப் பாடமாக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் வெளியிலிருந்து படிக்கும்போதும் நிறுவனக் கணக்கின்வழி நுழைய வேண்டும். எண்ணிக்கைக்குத் தப்பிய வாசிப்பைக் கண்டவர் அதனை எழுத்தில் வைத்து, விதி திருத்தப்படும் வேளையில் அனுப்ப வேண்டும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நூலின் பயன்பாட்டையே முதலில் வைத்தார். எது பயன்பாடு என்று வரையறுக்கும் உரிமை அதனினும் முந்தியது. தமிழில் எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருசேரக் குறிக்கும். முதற்பணியைக் கணினிகள் செய்துவிடும். இரண்டாவதைப் பயன்படுத்துவோரே செய்தாக வேண்டும்.