போடிமெட்டில் ட்ரோன் பறக்கணுமா? கூட ஒரு ஜோடிக் கண் வேணும்!

முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பித்துவிடுகிறது. போடிநாயக்கனூர் வழியாக மூணாறு செல்லும் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறி, எல்லையில் இருக்கும் போடிமெட்டைத் தொடுகிறது. கீழே தென்னையும் மாவும். மேலே பனியும் ஏலக்காயும். விளைவது பெரும்பாலும் இடுக்கிப் பக்கம் என்றாலும், ஏலத்துக்கு வருவது போடிக்கு. அதனால்தான் இந்த ஊருக்கு 'ஏலக்காய் நகரம்' என்று பெயர்.

இந்த வளைவுகளை வானத்திலிருந்து படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை வராது? சுற்றுலா வருகிறவர்களின் பையில் இப்போது ட்ரோனும் இருக்கிறது. ஆனால், சமவெளியில் பழகிய கை, மலையில் தடுமாறும். அங்கேதான் 'ஸ்பாட்டர்' தேவைப்படுகிறார்.

யார் இந்த ஸ்பாட்டர்?

வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது, டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். கண்டக்டர் இறங்கி நின்று விசில் கொடுப்பார். நீண்ட விசில் வந்தால், டிரைவர் யோசிக்காமல் பிரேக்கை மிதிப்பார். ட்ரோனுக்கு ஸ்பாட்டர் செய்வது அதே வேலைதான். பறக்கவிடுகிறவரின் கண் போன் திரையில் இருக்கும். கேமரா முன்னால் இருப்பதை மட்டும்தான் காட்டும். பக்கவாட்டில் வரும் பருந்து, குறுக்கே போகும் மின்கம்பி, பின்னாலிருந்து எழும் பனி எதுவும் அதில் தெரியாது. ஸ்பாட்டர் திரையைப் பார்க்கவே கூடாது. அவர் பார்க்க வேண்டியது வானத்தை மட்டும்.

அமெரிக்காவில் 2016-ல் அமலுக்கு வந்த விதிகளின்படி, கண்ணை மூடும் வீடியோ கண்ணாடி அணிந்து ட்ரோனை இயக்கினால், ஸ்பாட்டர் கட்டாயம். அதுவும் பைனாகுலர் இல்லாமல், வெறும் கண்ணுக்கே ட்ரோன் தெரிய வேண்டும்.

மலை செய்யும் மாயம்

நம் நாட்டின் ட்ரோன் விதிகள் 2021-ன்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். திரையில் தெரியும் உயரமோ, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. போடிமெட்டு விளிம்பிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் பள்ளத்தை நோக்கிப் போனால், திரையில் 100 என்றே இருக்கும். அதற்குள் கீழே நிலம் 200 மீட்டர் இறங்கியிருந்தால், உண்மையான உயரம் 300 மீட்டர். நமக்கே தெரியாமல் விதியைத் தாண்டிவிடுவோம்.

கீழிருந்து மேலே பறக்கவிட்டால் நேர்மாறு. ட்ரோன் ஒரே உயரத்தில் போகும், மலை அதை நோக்கி ஏறி வரும். சிக்னல் அறுந்தால் தானாகத் திரும்பும் வசதியை நம்பியும் இருக்க முடியாது. அது குறிப்பிட்ட உயரத்தில் நேர்கோட்டில் திரும்பும்; நடுவில் ஒரு முகடோ, உயர்ந்த சில்வர் ஓக் மரமோ நின்றால் மோதிவிடலாம்.

காற்றும் சும்மா இருக்காது. தென்மேற்குப் பருவக்காலத்தில் கேரளப் பக்கமிருந்து வரும் காற்று, விளிம்பைத் தாண்டியதும் பள்ளத்தில் சரியும். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது எதிர்த்து வர வேண்டும், பேட்டரி மளமளவென்று இறங்கும். பாதி பேட்டரி இருக்கும்போதே 'திரும்பு' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

கீழே யார் இருக்கிறார்கள்?

ஏலத்தோட்டத்தை மேலிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரியும். அந்த நிழலில்தான் ஏலச்செடிகளும், குனிந்து காய் பறிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் காலையில் ஜீப்பில் இதே வளைவுகளில் ஏறி, மாலையில் இறங்குகிறவர்கள். ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒரு ட்ரோன் விழுந்தால் என்னாகும் என்று யோசித்தாலே போதும், சாலைக்கு நேர் மேலே யாரும் பறக்கவிட மாட்டார்கள்.

வனவிலங்குகளின் கதை இன்னும் தீவிரமானது. போடிமெட்டுக்கு அப்பால் இருக்கும் சின்னக்கானலில் சுற்றிய அரிக்கொம்பன் யானையை, 2023 ஏப்ரலில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். மே மாத இறுதியில் அது கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போடும் அளவுக்குப் பதற்றம். தோப்பில் ஒதுங்கி நின்ற யானைக்கு மேலே ஒரு யூடியூபர் ட்ரோனைப் பறக்கவிட, அது மிரண்டு ஓடியது. அவர் கைது செய்யப்பட்டார். அன்று அவர் அருகில் நின்று 'வேண்டாம், இறக்கு' என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால்?

கோடையில் இன்னொரு பயமும் உண்டு. விழுந்து நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீக்கும் ட்ரோனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், காய்ந்த புல் சரிவில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை இந்த மலை மறக்கவில்லை. ட்ரோன் விழுந்தால், விழுந்த இடத்தைச் சரியாகக் காட்டக்கூடியவரும் ஸ்பாட்டர்தான்.

ஜோடியாகப் பறக்க...

* 'இடது, வலது' வேண்டாம். ட்ரோன் நம்மை நோக்கித் திரும்பியதும் அவை மாறிவிடும். 'மலைப் பக்கம், பள்ளத்துப் பக்கம், மேலே, நில்' என்று நான்கே சொற்கள் போதும்.

* ஸ்பாட்டர் பேச்சு கேட்கும் தூரத்தில் நிற்கட்டும். தள்ளி நிற்க வேண்டுமென்றால் வாக்கி டாக்கி நல்லது. மலைச்சாலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

* சாலையில் நிற்காமல், ஓரமாக விரிந்த இடத்தில் இருவரும் நில்லுங்கள். ஸ்பாட்டர் கையில் போன் வேண்டாம்.

* ட்ரோன் கண்ணுக்கு மறைந்தாலோ, பனி ஏறினாலோ, பறவை நெருங்கினாலோ 'நில்'. அதற்கு மேல் விவாதம் இல்லை.

* மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காட்டுப் பகுதிக்கு வனத்துறையின் அனுமதி தனி. பூப்பாறைப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருப்பதையும், எல்லை தாண்டினால் கேரளம் என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டங்களுக்கு உரிமையாளரிடம் கேளுங்கள்.

போடிக்கு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் வருகிறது. அங்கிருந்து மெட்டுக்கு பஸ்ஸும் ஜீப்பும் உண்டு. ட்ரோனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கூடவே, 'நில்' என்றால் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு நெருக்கமான ஒரு நண்பரையும் அழைத்துப் போகலாம். அவர் வர முடியாத நாளில் ட்ரோன் பைக்குள்ளேயே இருக்கட்டும். போடிமெட்டை வெறும் கண்ணாலும் ரசிக்கலாம்!