எட்டு போலத் தெரிந்த நாலு

ஆலுவா ரயில் நிலையத்திலிருந்து பெரும்பாவூருக்குப் பஸ்ஸில் சுமார் 15 கிலோமீட்டர். ஊர் வந்துவிட்டதை முதலில் மூக்குதான் சொல்கிறது. ஈர ரப்பர் மரமும் பசையும் கலந்த நெடி. பிளைவுட் ஆலை முற்றங்களில் மெல்லிய மரத்தகடுகள் வெயிலில் காய்கின்றன. அவற்றைப் புரட்டுகிறவர்களில் பலர் வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடைப் பலகையில் மலையாளத்துக்குக் கீழே இந்தி, அதற்கும் கீழே வங்காள எழுத்து. தள்ளுவண்டியில் பர்வல் காய் கிலோ 80 ரூபாய். நான் குடித்த டீ 12 ரூபாய்.

மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போகும் டீச்சரோடு நானும் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளைகளின் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் அன்றைக்கே வரச்சொல்லியிருந்தார். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். எர்ணாகுளம் மாவட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 2017இல் 'ரோஷ்ணி' திட்டம் தொடங்கியது. பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள், மணி அடிப்பதற்கு முன்பே அவர்களை உட்காரவைத்துப் பாடம் சொல்வார்கள். காலைச் சாப்பாடும் உண்டு. பேச்சுக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. வீட்டைத் தெரிந்துகொள்ள டீச்சர்தான் நடக்க வேண்டும்.

வகுப்பறைச் சுவரில் மாநிலங்களைப் பற்றிய சார்ட் ஒன்று இருந்தது. மேற்கு வங்காளம் என்ற கட்டத்தில் ரசகுல்லா, துர்கா பூஜை, சிவப்புக் கரை வெள்ளைப் புடவை. நாங்கள் பார்க்கப்போகும் சிறுமி முர்ஷிதாபாத் மாவட்டத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்கள். அந்தக் கட்டத்தில் அவள் வீட்டை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

"நல்ல பிள்ளை. கணக்குதான் வராது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லை" என்றார் டீச்சர், அவள் நோட்டைப் பையில் வைத்தபடி. வங்காளம் பேசத் தெரிந்த தன்னார்வலர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, வரிசையாக அறைகள், கடைசியில் ஒரே குழாய். அறை வாடகை மாதம் 4,000 ரூபாயாம். உள்ளே அடுப்பில் கடுகு எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க, திதிமணி" என்று பாயை விரித்தார் அம்மா. திதிமணி என்றால் வங்காளத்தில் டீச்சர். சொந்த ஊர் துலியான் பக்கம். கங்கை கரையை அரித்து வீட்டைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் இருந்தவரை வீட்டிலேயே பீடி சுற்றினார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எண்ணிக் கட்டுவது யார் வேலை என்று கேட்டேன். அம்மா மகளைக் காட்டினார். கட்டுக்கு 25 பீடி. "ஆயிரத்துக்கு எத்தனை கட்டு?" என்றேன். தன்னார்வலர் வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள் "நாற்பது" என்று மலையாளத்தில் பதில் வந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார்.

அடுப்புக்கு மேலே ஊரிலிருந்து வந்த காலண்டர் தொங்கியது. தேதிகள் வங்காள எண்களில். முதல் வரிசையில் மூன்றுக்குப் பிறகு எட்டு! இரண்டு வரிசை தள்ளியும் அப்படித்தான். விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். நமக்கு எட்டாகத் தெரிவது வங்காளத்தில் நாலு. ஒன்பது போல இருப்பது ஏழு.

டீச்சர் நோட்டைப் பிரித்தார். வங்காளத்து ஐந்து, ஆறெல்லாம் பார்த்ததுமே வேறாகத் தெரியும் என்பதால் அவற்றை முதல் வாரமே மாற்றிவிட்டாராம். இந்த இரண்டும் நம் எண்களைப் போலவே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. கடைசிப் பக்கத்தில் ஐந்து கணக்கு, ஐந்திலும் சிவப்புப் பெருக்கல் குறி. 19ம் 25ம் கூட்டினால் 88. அவள் எழுதியது 44. 35ம் 12ம் கூட்டி 89, அது 47. 60இல் 33 போக 29, அது 27. மூன்றும் சரி. மூன்றுக்கும் அங்கேயே உட்கார்ந்து சரி போட்டார் டீச்சர்.

மற்ற இரண்டையும் விடவில்லை. 52இல் 38 போக 26 என்றும், 81இல் 56 போக 35 என்றும் எழுதியிருந்தாள். எந்த எண்ணில் படித்தாலும் தப்புதான். மேலே சின்ன எண், கீழே பெரிய எண் என்று வந்தால் தலைகீழாகக் கழித்துவிடுகிறாள். கடன் வாங்கத் தெரியவில்லை.

"கணக்கு வராதுன்னு இல்ல, கடன் வாங்கிக் கழிக்கறதுதான் வரல" என்றார் டீச்சர். "25 பீடிக் கட்டு ஒண்ணைப் பிரிச்சா எத்தனை பீடின்னு இவளுக்கே தெரியும். நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கறேன்."