படிகளும் மூலமும்

ஒரு காரியம் தடைப்பட்டவிடத்து, தடை எங்கே நிகழ்ந்ததென்று ஆராயாமல், கண்ணெதிரே உள்ள பொருளைப் பழித்தல் மாந்தர் இயல்பு. கணினி விஷயத்தில் இவ்வியல்பு மிகுதியும் வெளிப்படுதலை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யான் நேரிற் கண்டேன்.

எங்கள் தமிழ்க் கழகத்துக் கணினி உபுண்டு 22.04 என்னும் இயங்குதளத்தைக் கொண்டிருந்தது. கழகத்தார் சிற்றூர்தோறும் சென்று ஒலிப்பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் அதன்கண் இருந்தன. பாடிய மூதாட்டியருள் இருவர் அதற்குள் காலஞ்சென்றனர். 2024 ஏப்ரலில் வெளிவந்த 24.04 பதிப்பிற்கு அக்கணினியை உயர்த்த முற்பட்டபொழுது, பொதிகளுள் ஒரு பகுதி வந்திறங்கியபின் பதிவிறக்கம் நின்றது. மீண்டும் முயன்றோம், மீண்டும் நின்றது. "கணினி கெட்டுவிட்டது, வட்டினை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவோம்" என்றார் நண்பர் ஒருவர். முதலிற் பாடல்களை வேறொரு வட்டிற் படியெடுப்போம் என்று யான் கூற, அவரும் இசைந்தார்.

நிற்க. உபுண்டுவின் பொதிகள் ஓரிடத்தில் மட்டும் இருப்பனவல்ல. மூலக் களஞ்சியத்தினின்றும் படியெடுத்துப் பல நாடுகளிலும் சர்வர்களில் வைத்துள்ளனர். இவற்றை மிரர் என்பர். அருகிலுள்ள படியினின்றும் பெறுதல் பெரும்பாலும் விரைவு. ஆயினும் மூலம் மாறிய அக்கணமே படி மாறுவதில்லை. சுவடி பயிலும் நமக்கு இது புதிதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள் ஒரு பிரதியை மட்டும் நம்பாது பலவற்றை ஒப்புநோக்கியதை நாம் அறிவோம்.

பின்னர்ப் பிழைச் செய்திகளை ஊன்றிப் படித்தோம். சர்வரின் பெயர் அறியக்கூடவில்லை என்று வருமாயின், குற்றம் பெரும்பாலும் நமது இணைப்பிலோ, பெயரை எண்முகவரியாக மாற்றும் அமைப்பிலோ உளது. விடையின்றிக் காலங்கடந்தது எனின், வழித்தடையோ சர்வரின் நெருக்கடியோ காரணமாகலாம். 404 எனின், சர்வர் விழித்திருக்கின்றது. கேட்ட பொருள்தான் அங்கில்லை. 9 மாதமே ஆதரவு பெறும் இடைக்காலப் பதிப்புக்கள், தவணை முடிந்தபின் பழம்பதிப்புக்களின் களஞ்சியத்திற்கு மாற்றப்படுதலால் இவ்விடை வருவதும் உண்டு. எங்களுக்குக் கிட்டியதோ வேறு: கோப்பு வந்தது, அதன் ஹாஷ் பொருந்தவில்லை.

ஒவ்வொரு பொதிக்கும் எஸ்.எச்.ஏ. 256 முறைப்படி 64 குறிகளாலாகிய அடையாளமொன்று கணிக்கப்பெற்று அட்டவணையில் எழுதப்பெறும். அவ்வட்டவணையின் அடையாளமோ, மூலத்தார் மின்கையொப்பமிட்ட ஏட்டில் அடங்கும். கோப்பில் ஓரெழுத்துத் திரியினும் அடையாளம் வேறுபடும். ஆதலின், கொணர்பவர் யாவராயினும், கொணர்ந்த பொருளைச் சோதித்தறியலாம். கணினி நின்றது பழுதினாலன்று, காவலினால் என்பது அப்பொழுதே விளங்கிற்று.

அமைப்பிற் சென்று, பதிவிறக்கும் இடத்தை அண்மைப் படியினின்றும் மூலச் சர்வருக்கு மாற்றினோம். பழைய அட்டவணைகளை நீக்கிப் புதியன பெற்றோம். முன்னரே செவ்வனே வந்த பொதிகள் சேமிப்பில் இருந்தமையால், எஞ்சியவற்றையே பெறவேண்டியிருந்தது. பொதிகள் யாவும் வந்தபின்னரே நிறுவுதல் தொடங்குமாகலின், இடையில் நின்றபொழுதும் பழைய இயங்குதளத்திற்கு ஊறு நேரவில்லை. அன்றிரவே பணி முற்றுப்பெற்றது.

அன்பர்காள், இயங்குதளம் அழிந்திருப்பினும் அதனை மீட்கப் படிகள் பலவுள. அம்மூதாட்டியர் குரலுக்கோ அந்த ஒரு வட்டைத் தவிர வேறு படியில்லை. இப்பொழுது அப்பாடல்கள் மூன்றிடங்களில் உள்ளன. எதனைத் துடைக்கத் துணியுமுன்னும், அதற்கு எத்தனை படிகள் உள என்று வினவுதல் நம் கடமையாகும்.