அம்மா ஏறக்கூடிய பெட்டி

அம்மா ஏணியின் மூன்றாவது படியில் நின்றுவிட்டார். மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. லகாட்டில் எங்கள் வீட்டு கார் போர்ச்சில், என் வீட்டுக்காரரின் பழைய பிக்கப்பின் தலையில் இரவல் வாங்கிய கூடாரம் ஒன்று விரிந்து நின்றது. வண்டிக் கூரைமேல் மாட்டும் வகை. நானும் அவரும் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டோம், ஏழு வயது மகன் குரங்குபோல் ஏறிவிட்டான். அடுத்தது அம்மா.

"இதுக்கு லயத்து வீட்டுப் பரணே தேவலை" என்றார், கம்பியைப் பிடித்துக்கொண்டே. அப்பா கீழிருந்து காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். மறுநாளே கூடாரத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தோம்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வரலாறு உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 26 வருடம் பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி, மேடு பள்ளம், ஸ்டோர் வரை நடை. அப்பா அதே தோட்டத்தில் லோரி ஓட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தோம். அம்மாவுக்குக் காலை நாலு மணிக்கு விழிப்பு வரும், பிரட்டுக்குப் போன பழக்கம். எனக்கும் நாலு மணிக்கு விழிப்பு வரும், காலை நிகழ்ச்சிக்குப் போகும் பழக்கம். வானொலியில் இருப்பவளுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் ஐந்து பேருக்கு ஹோட்டல் அறை தேடிப் பார்த்தவர்களுக்கு, நாங்கள் ஏன் படுக்கையையே வண்டியில் ஏற்ற நினைத்தோம் என்பது புரியும்.

முழு மோட்டார்ஹோம் வாங்க வசதியில்லை. அதோடு பிக்கப்புக்கு வார நாளில் வேலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏர்கோன் பழுது பார்ப்பவர். திங்கள் காலை அதே வண்டியில் ஏணியும் காஸ் சிலிண்டரும் ஏறியாக வேண்டும். அப்படித்தான் 'பாப்-அப்' கேம்பரில் வந்து நின்றோம். பிக்கப்பின் பின்தட்டில் இறக்கி வைக்கும் பெட்டி அது. ஓடும்போது கூரை தணிந்து மூடியிருக்கும், நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால் நாலு பக்கமும் கேன்வாஸ் சுவர் எழும்பும், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். வேலை முடிந்தால் நாலு கால்களில் நிறுத்தி, வண்டியை அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

விஷயம் புதிதல்ல. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-லேயே ஃபோக்ஸ்வேகன் வேன்களை வீடாக்கத் தொடங்கிவிட்டது, கூரை எழும்பும் வகை பின்னால் வந்தது. அமெரிக்காவில் பிக்கப் முதுகில் ஏற்றும் பெட்டிக்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய பிக்கப் தட்டு ஆறரை அடி, எட்டடி என்று நீளும். நம்மூரில் ஓடும் நாலு கதவு ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றிலும் தட்டு ஏறக்குறைய ஐந்தடிதான். அவர்கள் பெட்டிக்குள் ஹீட்டர் வைக்கிறார்கள். நமக்கு வேண்டியது காற்று. ஆகவே வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே இறக்குமதி செய்ய நினைப்பவர்கள், முதலில் ஒரு அளவு நாடாவோடு வண்டியின் பின்னால் போய் நில்லுங்கள்.

நாங்கள் மெங்லெம்புவில் பிக்கப் மூடி செய்யும் ஒரு பட்டறையில் அலுமினியச் சட்டம் போட்டுச் செய்யச் சொன்னோம். லோரிக்குத் தார்ப்பாய் தைப்பவர் கேன்வாஸ் சுவரைத் தைத்தார். மொத்தம் 12,000 வெள்ளி. பெட்டியின் மூக்கு டிரைவர் கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டு, கூரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. அதற்குள் மேல் படுக்கை. எனக்கும் அவருக்கும் மகனுக்கும் அங்கே இடம். கீழே பக்கவாட்டில் ஒரு பெஞ்சு. அதன் நீளம் நாலடி பதினோரு அங்குலம்தான், அதற்கு மேல் தட்டில் இடமில்லை என்று பட்டறைக்காரர் கைவிரித்தார். அம்மாவின் உயரம் நாலடி ஒன்பது. இரண்டு அங்குலம் மிச்சம்! அப்பா மரப்பலகையில் மூன்று படி வைத்து ஒரு முக்காலி செய்தார். ஒவ்வொரு படியும் லயத்து வீட்டு வாசல்படி உயரம். அளவு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். "காலுக்குத் தெரியும்" என்றார். அவருக்குப் படுக்கை வெளியே, பந்தலடியில், மடக்குக் கட்டில். அதுதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டியில் நாங்கள் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. வெட்டி ஒட்டி வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். கழற்றி மாட்டும் பெட்டியாக இருந்தாலும் செய்வதற்கு முன்பே படத்தோடு போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. பின்விளக்கும் எண் பட்டையும் மறையவே கூடாது. பெட்டியைத் தட்டின் மெல்லிய தகட்டில் கட்டாதீர்கள், அடிச்சட்டத்தோடு நாலு மூலையிலும் திருகிக் கட்டுங்கள். இருபது கிலோமீட்டர் ஓடியபின் இறங்கி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், நிச்சயம் தளர்ந்திருக்கும்.

இவ்வளவு யோசித்த நாங்கள் எடையை மட்டும் யோசிக்கவில்லை.

முதல் பயணம் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை. ஏறும்போதே வண்டி முனகியது. "ஐந்து பேர் இருக்கோம்ல" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இரவு குளிரில் நன்றாகத் தூங்கினோம். மறுநாள் கம்போங் ராஜாவிலிருந்து இறங்கும்போதுதான் ஏதோ கருகும் வாசனை. பின் இருக்கையில் அதுவரை பேசாமல் வந்த அப்பா, "வண்டிய ஓரம் கட்டுங்க மாப்பிள்ளை" என்றார். சக்கரத்தருகே போனால் வெப்பம் முகத்தில் அடித்தது. பிரேக் சூடேறிப் பிடிப்பே குறைந்திருந்தது. அரை மணி நேரம் ஓரத்தில் நின்றோம். காய்கறி லோரிகள் எங்களைத் தாண்டி சின்ன கியரில் உறுமிக்கொண்டு மெதுவாக இறங்கின.

"பிரேக்கை நம்பி மலை இறங்கக் கூடாது மாப்பிள்ளை, கியரை நம்பித்தான் இறங்கணும். ஆனா இதுல உங்க தப்பு பாதிதான். பாரம் மீதி" என்றார் அப்பா. மகன் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று வீடு வரும்வரை நான் பேசவில்லை. பேசுவது என் தொழில், அப்படியும்.

அடுத்த வாரம் அப்பா தன் கூட்டாளி ஒருவர் வேலை பார்க்கும் செம்பனைக் குலை நிலையத்துக்கு வண்டியை ஓட்டச் சொன்னார். லோரிகளை நிறுக்கும் எடைமேடை அங்கே இருக்கிறது. மலைக்குப் போன அதே சாமான்களோடு ஏறி நின்றோம். 2,980 கிலோ. எங்கள் வண்டிக்கு ஆளும் சாமானும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 2,830. அம்மாவுக்குத் தராசு என்றாலே ஆகாது. தோட்டத்து ஸ்டோரில் வாளி எடை என்று கொஞ்சம், தண்ணீர் என்று கொஞ்சம் கழித்துத்தான் கிராணி பால் கணக்கு எழுதுவாராம். "இன்னொரு தடவ நிறுத்துப் பாருங்க" என்றார். அதே எண். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னையும் சேத்துத்தானே நிறுத்தாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. 'ஒரு டன் பிக்கப்' என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, பின்தட்டில் மட்டும் ஒரு டன் ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெற்று வண்டிக்கும் அனுமதித்த மொத்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் பாரம், அதில் உட்கார்ந்திருப்பவர்களும் அடக்கம். எங்களுக்கு அது 910 கிலோ. நாங்கள் ஐந்து பேர் 293. பெட்டி 240. மீதி 377 கிலோ இருந்த இடத்தில் 527 கிலோ சாமான் ஏற்றியிருக்கிறோம்.

அன்று மாலை போர்ச்சில் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, குளியலறை எடைக்கருவியில் ஒவ்வொன்றாக நிறுத்தோம். அப்பா நோட்டில் எழுதினார். பிளைவுட் அலமாரிகள்தான் பெரிய திருடன். 12 மில்லிமீட்டர் பலகை ஒரு முழு ஷீட்டே இருபது கிலோவுக்கு மேல் வரும். கழற்றிவிட்டு, சுவரில் தொங்கும் துணிப்பைகள் தைத்தோம். ஈய பேட்டரி இரண்டு 58 கிலோ. அதற்குப் பதில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, 13 கிலோ. தண்ணீர் 100 லிட்டர் வைத்திருந்தோம், அதாவது 100 கிலோ. ஓர் இரவுக்கு 40 போதும், வழியெல்லாம் பெட்ரோல் நிலையமும் ஓய்வுத்தளமும் இருக்கின்றன. சமையல் காஸ் தோம்பு போய் ஸ்டீம்போட் அடுப்பின் சின்ன டின் வந்தது. அம்மா தன் இடிகல்லை, ஆறு கிலோ, தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "சம்பலை வீட்டுலயே இடிச்சுக்கலாம்."

சண்டை ஏர்கோனில்தான் வந்தது. ஏர்கோன்காரர் வீட்டுப் பெட்டியில் ஏர்கோன் இல்லையென்றால் தொழிலுக்கே அவமானம் என்பது அவர் வாதம். ஏர்கோன் 28 கிலோ, அதை ஓட்ட ஜெனரேட்டர் 21. பேட்டரியில் ஓட்டலாமே என்றார். கணக்கை அவரே போட்டார்: பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி, சின்ன ஏர்கோனே 700 வாட்டுக்கு மேல் குடிக்கும். இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில் 40 லிட்டர் குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு 500 வாட்-மணி அளவில் ஓடும், காற்றாடி விடிய விடியச் சுற்றும், போனுக்கும் மிச்சம் இருக்கும். வண்டி ஓடும்போதே பேட்டரி நிரம்பிவிடும். பேனாவை வைத்துவிட்டு அவரே ஏர்கோனைக் கழற்றினார். அந்த ஓட்டையில் இப்போது வெளியே காற்றை இழுக்கும் விசிறி. எதிர்ப்பக்கம் வலை சன்னல், கூரைக்கு வெள்ளைப் பூச்சு. ஈப்போவில் இரவு பத்து மணிக்கு மேல் இது போதும். அதற்கு முன் யாரும் தூங்குவதில்லை.

இரண்டாம் முறை எடைமேடையில் 2,610. பாரமானதெல்லாம் கேபினை ஒட்டி, தரையோடு. பின்னால் தள்ளி வைத்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

எடை கூட்டினாலும் நாங்கள் விட்டுக்கொடுக்காத சாமான்கள் மூன்று: தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் கருவி. மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிப்பதும் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. எங்கள் சமையல் எப்போதும் வெளியில்தான்.

எங்கே நிறுத்துவது என்பதில் அம்மா கறாராக இருக்கிறார். 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங்காலியில் முகாம் தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்த செய்தியை வானொலி நிலையத்தில் நாங்கள் மணிக்கு மணி வாசித்தோம். பள்ளி விடுமுறை, குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அதன்பின் சரிவின் அடியிலும் ஆற்றங்கரையிலும் நாங்கள் இரவு தங்குவதில்லை. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே நீர் திரண்டு வந்துவிடும். தளத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நான் போனில் கேட்பேன், பதில் மழுப்பலாக வந்தால் வைத்துவிடுவேன்.

மெலிந்த வண்டியோடு போன முதல் இடம் லூமுட், தெலுக் பாத்தேக். பத்துகாஜா வழியாகத் தட்டையான சாலை. என் பயம் தெளிய அது தேவைப்பட்டது. அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். அம்மா கடல் பார்த்தது அன்றுதானாம். "லோரில ஐம்பது பேரு. அப்ப எவன் நிறுத்தான்?" என்று அப்பா சிரித்தார். அம்மா முக்காலியில் மூன்று படி ஏறி, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய், பெஞ்சில் காலை நீட்டினார். நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை மடக்கி நீட்டினார்.

காலை நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஆறே முக்காலுக்குத்தான் எழுந்தார், அதுவும் மழைச் சத்தத்தில். ஈரக் கேன்வாஸை அப்படியே மடித்தோம், வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றே விரித்துக் காய வைக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாள் மடித்துக் கிடந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும், வாசனை போகவே போகாது.

திங்கட்கிழமை பிக்கப் வேலைக்குப் போனது. பெட்டி போர்ச்சில் நாலு காலில், காற்றாடி ஓட, கூரை தூக்கி நின்றது. காய்ந்தபின் மடிக்கலாம் என்று வந்து பார்த்தால் அம்மா உள்ளே இருக்கிறார். பெஞ்சில் சின்ன ரேடியோ. காலையில் என் நிகழ்ச்சியை அங்கே உட்கார்ந்துதான் கேட்டாராம். "நீ எட்டரை மணிக்கு ஒரு பேரைத் தப்பா சொன்ன" என்றார். சரிதான், சொன்னேன். கேன்வாஸ் காய்ந்து மூன்று வாரம் ஆகிறது, கூரையை இன்னும் இறக்கவிடவில்லை.